சேமிக்கப்படாத உழைப்பு: கணினி வரைகலையும் ரொறன்ரோத் தமிழ் இளையோரும்

(பெற்றோரும் இளையோரும் கூடியிருந்த அரங்கில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)





தை மாதத்தைத் தமிழ் மரபுத் திங்களாக ஒன்ராறியோ மாகாணம் 2014ஆம் ஆண்டிலும், கனடிய நாடாளுமன்றம் 2016ஆம் ஆண்டிலும் ஏற்றுக்கொண்டன. அத்திங்கள் நெருங்கும்பொழுது ரொறன்ரோப் பெரும்பாகத்தின் தமிழ் இல்லங்கள் பலவற்றில் ஒரே காட்சியைக் காணலாம். விழாவிற்கு ஒரு காணொளி தேவைப்படுகின்றது. பல்கலைக்கழகத்தில் பயிலும் ஒரு மகனோ மகளோ இரவு முழுவதும் கணினியின் முன் அமர்ந்து அதனை ஆக்கித் தருகின்றார். தலைப்பு பொன்னிறமாய் ஒளிர்கின்றது. குத்துவிளக்கின் சுடர் அசைகின்றது. அவை கைதட்டி மகிழ்கின்றது.

மறு ஆண்டு அப்பிள்ளை மேற்படிப்பிற்காக வேறு நகருக்குச் சென்றுவிடுகின்றார். அந்த ஒளி எவ்வாறு வந்தது, அந்தச் சுடர் எவ்வாறு அசைந்தது என்பதை அறிந்தவர் எவருமில்லை. அடுத்துப் பொறுப்பேற்பவர் தொடக்கத்திலிருந்தே தொடங்க வேண்டியுள்ளது. கலை இருக்கின்றது, உழைப்பும் இருக்கின்றது. கையளிக்கும் வழக்கம்தான் இல்லை.

அவ்வழக்கத்திற்குக் கணினி வரைகலையில் ஒரு பெயருண்டு. அதுவே முன்னமைவு; பிரிசெட் என்பர். காட்சி விளைவுகளை உண்டாக்கும் செருகுநிரல் ஒவ்வொன்றிலும் பல அளவுகள் உள்ளன. ஒளியின் வலிமை, பரவும் தூரம், நிறம், வேகம் என அவை நீளும். அவற்றை ஒவ்வொன்றாகத் திருத்திச் சரியான தோற்றத்தைப் பெறுவதற்குச் சில வேளைகளில் மூன்று நாள்கள்கூட ஆகலாம். பெற்ற அளவுகளை ஒரு பெயரிட்டுக் கோப்பாகச் சேமித்தால், அடுத்த முறை அதே தோற்றம் ஒரே சொடுக்கில் வந்துவிடும். சமையலில் கைப்பக்குவத்தைக் குறிப்பாக எழுதி வைப்பதற்கு இது நிகராகும்.

இக்கலையின் வரலாற்றில் ரொறன்ரோ நகருக்குத் தனி இடமுண்டு. மாயா என்னும் முப்பரிமாண மென்பொருளை 1998இல் வெளியிட்ட நிறுவனத்தின் மூலமான அலையஸ், 1983இல் இந்நகரில்தான் தொடங்கப்பட்டது. ஒம்னிபஸ் என்னும் கணினி அசைவூட்ட நிறுவனம் 1987இல் வீழ்ச்சியுற்றது. அங்கு பணியாற்றிய கிம் டேவிட்சன், கிரெக் ஹெர்மனோவிக் ஆகிய இருவரும் அதே ஆண்டில் சைட் எபெக்ட்ஸ் என்னும் நிறுவனத்தை இந்நகரில் தொடங்கினர். அவர்களது முதல் மென்பொருளான பிரிஸம்ஸ், ஒம்னிபஸ்ஸில் உருவான நிரல்களின் மீதே எழுந்தது. அதன் வழித்தோன்றலான ஹூடினி 1996இல் வெளிவந்தது. 2018ஆம் ஆண்டு இந்நிறுவனமும் அதன் நிரலாளர் மார்க் எலெண்ட் அவர்களும் ஹூடினிக்காக ஒஸ்கார் சிலையையே பரிசாகப் பெற்றனர். நிறுவனம் அழிந்தது; சேமித்து வைத்த செய்முறை அழியவில்லை.

ஹூடினியின் அடிப்படையும் இதுவே. அதில் ஒவ்வொரு விளைவும் கணுக்களின் தொடராக அமைகின்றது. ஒரு கணுவின் அளவுகளைத் திருத்திய பின்னர், அதன் பற்சக்கரக் குறியை அழுத்தினால் அவற்றை முன்னமைவாகச் சேமிக்கலாம். முழுத் தொடரையும் ஒரே பொதியாக்கி, பிறர் மாற்றத்தக்க சில அளவுகளை மட்டும் வெளியே வைத்துக் கொடுக்கவும் முடியும். அப்பொதியை ஹூடினி எஞ்சின் என்னும் செருகுநிரல் வழியாக மாயா, யூனிட்டி, அன்ரியல் போன்ற பிற மென்பொருள்களிலும் இயக்கலாம். கற்போருக்கென இலவசப் பதிப்பும் உண்டு. அதனை வணிகத்திற்குப் பயன்படுத்தலாகாது. ஆக்கும் படங்களில் நீர்க்குறி விழும். பயிற்சிக்கு அதுவே போதுமானது.

விழாக் காணொளிகளுக்குப் பெரும்பாலோர் கையாள்வது ஆப்டர் எபெக்ட்ஸ். அதில் தேவையான விளைவுகளைத் தெரிவு செய்து, அனிமேஷன் பட்டியலில் உள்ள சேமிப்புக் கட்டளையைக் கொடுத்தால் ஒரு சிறு கோப்பு உருவாகும். தெரிவு செய்யப்பட்டவை மட்டுமே அதில் அடங்கும் என்பதை மறத்தலாகாது. வேறு நிறுவனத்தின் செருகுநிரல் பயன்பட்டிருப்பின், பெறுபவரின் கணினியிலும் அது இருத்தல் வேண்டும். இன்றேல் விளைவு தோன்றாது. எழுத்துருவும் கோப்பினுள் அடங்குவதில்லை. அதனைத் தனியே வழங்குதல் வேண்டும்.

தமிழுக்கென்று வேறொரு கவனமும் தேவை. ஆங்கிலத்திற்காக ஆக்கப்பட்ட முன்னமைவுகள் பல, தலைப்பை எழுத்து எழுத்தாகப் பறக்க விடுவன. அவற்றைத் தமிழில் அப்படியே இட்டால் கொம்பு ஒருபுறமும் மெய் ஒருபுறமுமாகச் சிதறக்கூடும். தெற்காசிய மொழிகளையும் ஏற்கும் எழுத்து இயந்திரம் இயங்குவதை முதலில் உறுதி செய்து, அசைவின் அலகை எழுத்திலிருந்து சொல்லுக்கு மாற்றிச் சேமித்தால் இக்குறை நீங்கும். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் எழுதிய தலைப்பு, அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகவே தெரியும். ஆகவே யூனிகோட் எழுத்தே ஏற்றது. தமிழுக்கேற்ற முன்னமைவுகளைப் பிறர் வந்து செய்து தருவர் எனக் காத்திருப்பதில் பயனில்லை. தமிழ் எழுத்தை அறிந்த பிள்ளைகளே அவற்றைச் செய்ய வல்லவர்கள்.

பெயரிடுவதிலும் ஒழுங்கு வேண்டும். ‘புதியது 3’ என்ற பெயர் ஆக்கியவருக்கே ஓராண்டின் பின்னர் விளங்காது. ‘பொங்கல் தலைப்பு, பொன்னொளி, சொல்லசைவு, 2024’ என்ற பெயர் எவருக்கும் விளங்கும். மென்பொருளின் பதிப்பு, எழுத்துரு, செருகுநிரல் ஆகியவற்றைக் குறித்த ஒரு சிறு உரைக்கோப்பும் உடனிருத்தல் நன்று. கோப்புகள் ஒரே மடிக்கணினியில் மட்டும் இருத்தலாகாது. சங்கத்தின் பொதுச் சேமிப்பகத்தில் மற்றொரு பிரதி இருத்தல் வேண்டும். ஒரே இடத்தில் இருந்த ஓலைச்சுவடிகள் எரிந்தால் அவை மீளா என்பதை, 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபொழுது கற்ற சமூகம் இது.

பெற்றோர்களே! இரவில் கணினியின் முன் அமர்ந்திருக்கும் பிள்ளையைக் கண்டு, விளையாட்டில் பொழுது போகின்றதென்று கவலை கொள்வோர் உளர். மருத்துவமும் பொறியியலும் மட்டுமே தொழில் என்னும் எண்ணம், இழந்து வந்தோரின் அச்சத்திலிருந்து பிறந்தது, அது இகழத்தக்கதன்று. ஆயினும் காட்சி விளைவுத் துறை இந்நகரில் வேரூன்றிய தொழிலாகும். அதில் வேலை தேடுவோர் தம் ஆக்கங்களைத் தொகுத்துக் காட்ட வேண்டும். ஒழுங்காகச் சேமித்த செய்முறைகளே அத்தொகுப்பிற்கு அடித்தளம். பிள்ளையின் அருகில் அமர்ந்து, ‘இது எப்படிச் செய்தாய்?’ என்று ஒருமுறை கேட்டல் போதும். அதற்கு விடை சொல்லத் தெரிந்த பிள்ளை அதனை எழுதி வைக்கவும் கற்றுக்கொள்ளும்.

இளையோர்களே! இவ்வாண்டுக் காணொளியை ஒப்படைக்கும் நாளில் அதன் முன்னமைவுக் கோப்புகளையும் சேர்த்தே ஒப்படைத்தல் வேண்டும். அடுத்த ஆண்டு அப்பணியை ஏற்கவிருப்பவர் இன்று பன்னிரண்டாம் வகுப்பில் பயிலும் ஒரு தம்பியோ தங்கையோ ஆவார்.