இருள் சூழுமுன் ஆயத்தம்

(ஆலயத் திருவிழாவையொட்டி ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

1996ஆம் ஆண்டு ஆகஸ்டு 3ஆம் நாள் மாலை, திரங்கானு மாநிலத்தின் பாக்கா மின் நிலையப் பகுதியில் ஏற்பட்ட கோளாற்றால் தீபகற்ப மலேசியா முழுவதும் பல மணி நேரம் மின்சாரமின்றித் தவித்தது. 2022 ஜூலை 27ஆம் நாள் ஜொகூரின் யோங் பெங் துணைமின் நிலையத்தில் நேர்ந்த பழுது, கிள்ளான் பள்ளத்தாக்கின் பல இடங்களில் மின்சாரத்தைத் துண்டித்தது. எங்கோ தொலைவில் நிகழும் பழுது, பிரிக்பீல்ட்ஸையும் கிள்ளானையும் நொடியில் வந்தடையும் என்பதை இவை உணர்த்துகின்றன.

இல்லத்தில் மெழுகுவர்த்தி ஏற்றிச் சமாளிக்கலாம். ஆனால் மருத்துவமனையில் செயற்கைச் சுவாசக் கருவியை நம்பியிருக்கும் உயிர் காத்திருக்குமா? ஆகவேதான் அங்கே ஜெனரேட்டர்களை நிறுவியிருக்கிறார்கள். மின்சாரம் நின்றதும் தானியங்கி மாற்றுவிசை அதனை உணர்ந்து டீசல் இயந்திரத்தை முடுக்கும். மின்னோட்டம் மீண்டும் கிட்ட ஏறக்குறைய 10 வினாடி ஆகும். அந்த இடைவெளியை நிரப்புபவை மின்கலங்கள்.

இயந்திரம் வாங்கிவிட்டோம், இனிக் கவலையில்லை என்று எண்ணுதல் தவறு. 2011 மார்ச்சு 11ஆம் நாள் ஜப்பானின் புகுஷிமா அணுமின் நிலையத்தில் ஜெனரேட்டர்கள் இருந்தன; இயங்கவும் செய்தன. ஆயினும் அவற்றுள் பெரும்பாலானவை கட்டடத்தின் அடித்தளத்தில் இருந்தமையால், ஆழிப்பேரலை நீர் புகுந்து அவை செயலிழந்தன. அணு உலைகளைக் குளிர்விக்க வழியின்றிப் பேரிடர் விளைந்தது. 2021 டிசம்பரில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவை வெள்ளம் சூழ்ந்ததைக் கண்ட நமக்கு இப்பாடம் அந்நியமானதன்று.

கருவறையின் அணையா விளக்குக்கு எண்ணெயும் திரியும் இருந்தால் மட்டும் போதுமா? தூண்டிவிட ஒரு கை வேண்டும். இதற்கும் அப்படியே. மாதந்தோறும் அரைமணி நேரமாவது உரிய மின்சுமையை ஏற்றி இயக்கிப் பார்த்தல் வேண்டும். சுமையின்றி வெறுமனே ஓட்டினால் எரியாத டீசல் படிந்து இயந்திரம் கெடும். தேவை வேளையில் அது முரண்டு பிடிப்பதற்குப் பெரும்பாலும் கவனிக்கப்படாத பேட்டரியே காரணம்.

நம் ஆலயத்திலும் திருவிழா இரவில் மின்சாரம் நின்றால் கூட்டத்தில் பதற்றம் எழும். நெரிசலில் உயிர்ச்சேதமும் நேரலாம். ஆகவே முதலில் வெளியேறும் வழியின் விளக்குகள், அடுத்து ஒலிபெருக்கி, பின்னர் நீரிறைக்கும் மோட்டார், இறுதியாகவே அலங்கார விளக்குகள் என வரிசை வகுத்துக் கொள்வோம். புகை உட்புகாத திறந்த வெளியில், வெள்ளம் எட்டாத மேட்டில் இயந்திரத்தை நிறுவுவோம். அந்தப் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு மணமற்ற நஞ்சு. தகுதிச் சான்று பெற்ற மின்பணியாளரைக் கொண்டே இணைப்புக் கொடுப்போம். முறையற்ற இணைப்பால் வெளிக் கம்பியில் பாயும் மின்சாரம், அதனைப் பழுதுபார்ப்பவரின் உயிரைக் குடிக்கக்கூடும்.

மற்றுமொரு வேண்டுகோள். இல்லத்தில் பிராணவாயுக் கருவியை நம்பி வாழும் முதியோர் நம் சுற்றுவட்டாரத்தில் இருக்கக்கூடும். மின்தடை நேரத்தில் அவர்களுக்கென ஆலய மண்டபத்தில் ஒரு மின்முனையையும் ஓர் இருக்கையையும் ஒதுக்கி வைப்போம். அப்பணிக்கு இருவரைப் பொறுப்பாக நியமிக்குமாறு நிர்வாகக் குழுவினரைப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.