முதலில் எந்த விலங்கு என்று கேளுங்கள்



கால்நடைச் செவிலியம் படிப்பவர்களுக்கு நூலகத்தில் தேடக் கற்றுக்கொடுப்பது எப்படி என்பது இந்த மாநாட்டின் பொருள். அப்படி ஒரு தொழிலே நம் ஊரில் இல்லையே என்று அழைப்பிதழைப் பார்த்த நண்பர் ஒருவர் கேட்டார். பெயர்தான் இல்லை, வேலை இருக்கிறது. பட்டயமோ சான்றிதழோ பெற்றவர்கள், பதிவு பெற்ற மருத்துவரின் மேற்பார்வையில் சிறு சிகிச்சைகள் செய்ய மாநில அரசு அனுமதி தரலாம் என்று 1984ஆம் ஆண்டின் இந்தியக் கால்நடை மருத்துவ மன்றச் சட்டம் சொல்கிறது. கால்நடை ஆய்வாளர், பராமரிப்பு உதவியாளர் என்று நாம் அழைப்பவர்கள் செய்வதில் பெரும்பகுதி செவிலிய வேலைதான்.

இந்தப் பெயர்க் குழப்பம் தேடலையும் பாதிக்கிறது. பிரிட்டனில் 1961இல் பயிற்சித் திட்டம் தொடங்கியபோது 'நர்ஸ்' என்ற பெயர் மனித மருத்துவத்துக்கே சட்டப்படி உரியதாக இருந்தது. அதனால் 'அனிமல் நர்சிங் ஆக்சிலியரி' என்றார்கள். 'வெட்டர்னரி நர்ஸ்' என்ற பெயர் கிடைத்தது 1984இல். அமெரிக்காவில் அதே ஆள் 'வெட்டர்னரி டெக்னீசியன்'. மருத்துவக் கட்டுரைகளின் தரவுத்தளமான பப்மெட்டின் பொருள் தலைப்புப் பட்டியலிலோ 'அனிமல் டெக்னீசியன்ஸ்'. ஒரு பெயரை மட்டும் தட்டிவிட்டு, நம் துறையில் கட்டுரையே இல்லை என்று முடிவுகட்டும் மாணவர்கள் உண்டு.

அலமாரியிலும் இதே கதைதான். டூயி பகுப்பு முறையில் கால்நடை மருத்துவத்தின் எண் 636.089. அதன் உட்பிரிவுகளுக்குத் தனியாக எண் யோசிக்கவில்லை. மனித மருத்துவ எண்ணில் 61க்குப் பின்னால் வருவதை எடுத்து இங்கே ஒட்டிக்கொள்ள வேண்டும். செவிலியம் 610.73 என்பதால் கால்நடைச் செவிலியம் 636.089073. மயக்கவியல் 617.96 என்பதால் விலங்குகளுக்கான மயக்கவியல் 636.089796. மாணவி 073 என்ற இடத்தில் நின்று, நமக்கு நாலு புத்தகம்தான் வாங்கியிருக்கிறார்கள் என்று திரும்பிவிடுகிறாள். அறுவை முடிந்த நாயை மயக்கம் தெளியும்வரை எப்படிக் கவனிப்பது என்று சொல்லும் புத்தகம் சில தட்டுகள் தள்ளி இருக்கிறது. நாயைப் பற்றிய பொது நூல்கள் 636.7இலும் பூனை நூல்கள் 636.8இலும் இருக்கின்றன. இந்த எண் சூத்திரத்தைச் சொல்லிக்கொடுக்கப் பத்து நிமிடம் போதும். அந்தப் பத்து நிமிடம் பெரும்பாலும் நூலகத்தின் பரப்பளவையும் இருக்கைகளின் எண்ணிக்கையையும் அறிவிப்பதில் போய்விடுகிறது.

மனித மருத்துவத்திடம் எண்ணைக் கடன் வாங்கியதில் கெடுதல் ஏதும் இல்லை. தேடும் பழக்கத்தையும் அங்கிருந்தே கடன் வாங்கியிருக்கிறோமே, வம்பு அங்கேதான். மனித மருத்துவத்தில் தேடுபவருக்கு உயிரினம் ஒன்றே. 'காய்ச்சல், பாராசிட்டமால்' என்று தேடினால் வேலை முடிந்தது. அதே பழக்கத்தில், சுருண்டு படுத்திருக்கும் பூனைக்கு வீட்டார் அரை மாத்திரை கொடுத்துவிட்டுத் தூக்கிக்கொண்டு ஓடி வருகிறார்கள். அந்த மருந்தைக் குளுக்குரோனைடாக மாற்றி வெளியேற்றும் திறன் பூனையின் கல்லீரலுக்கு மிகக் குறைவு. ரத்தத்தின் ஹீமோகுளோபின் ஆக்சிஜனைச் சுமக்க முடியாத வடிவத்துக்கு மாறி, ஈறு பழுப்பேறும், முகமும் பாதமும் வீங்கும். முதலில் பூனையின் ஈறைப் பார்ப்பவர் மேசையருகே நிற்கும் உதவியாளர்தான். ஆகவே, தேடலில் முதல் சொல் நோயாகவோ மருந்தாகவோ இருக்கக் கூடாது, விலங்காக இருக்க வேண்டும் என்பது என் கட்சி. இந்த மாநாட்டில் நான் வலியுறுத்த வந்ததும் இதைத்தான். மாணவர்கள் இப்போது கைபேசியில் கேட்கிறார்கள், நொடியில் சரளமான பதில் வருகிறது. அது எந்த விலங்கைப் பற்றிய பதில் என்று திருப்பிக் கேட்கும் பழக்கம் வந்துவிட்டால் கைபேசியைப் பார்த்து எனக்குப் பயமில்லை.

ஒரு தேடலைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். கன்று ஈன்ற பசு எழவில்லை. பால் காய்ச்சல் என்று கால்சியம் ஏற்றியாயிற்று, மருத்துவர் அடுத்த ஊருக்குக் கிளம்பிவிட்டார். மாட்டோடு இருக்கப்போவது உதவியாளர். எத்தனை மணிக்கு ஒருமுறை புரட்டிப் போடுவது? சிமென்ட் தரையிலேயே விடலாமா, மண் தரைக்கு நகர்த்துவதா? இடுப்பில் பட்டை கட்டித் தூக்கலாமா? இவை மூன்றும் அசல் செவிலியக் கேள்விகள். பால் காய்ச்சல் என்று மட்டும் தேடினால் வந்து குவிவதெல்லாம் மருந்தின் அளவுதான். அதனால் கேள்வியைப் பிரிக்க வேண்டும். விலங்கு, பசு. நிலை, எழ முடியாமை. அதற்கு 'டௌனர் கௌ', 'ரிகம்பன்ட்' என்று இரண்டு மூன்று சொற்கள் புழங்குகின்றன. அவற்றை 'ஆர்' போட்டு ஒரு கூட்டாக்கி, 'நர்சிங்' என்ற சொல்லை 'ஆண்ட்' போட்டு இணைக்க வேண்டும்.

அப்படித் தேடுபவர் கையில் 2016இல் ஆஸ்திரேலியக் கால்நடை மருத்துவ இதழில் வந்த ஒரு கட்டுரை கிடைக்கும். விக்டோரியா மாநிலத்தின் தெற்கு கிப்ஸ்லாந்துப் பண்ணைகளில் எழ முடியாமல் கிடந்த கறவை மாடுகளைப் பின்தொடர்ந்த ஆய்வு அது. முதலில் விழுந்ததற்கான காரணத்தைவிட, விழுந்து கிடந்ததால் தசையிலும் நரம்பிலும் பின்னால் வந்த சேதமே பல மாடுகளின் கதியை நிர்ணயித்தது. நல்ல பராமரிப்புக் கிடைத்தவை தேறும் வாய்ப்பு அதிகமாக இருந்தது. மருந்து ஏற்றியபின் செய்ய ஒன்றுமில்லை என்று நினைத்திருந்த மாணவர் இதைப் படித்தால் நிமிர்ந்து உட்காருவார். அத்தோடு விடாமல் அடுத்த கேள்வியையும் கேட்கப் பழக்க வேண்டும். அது நடந்ததைக் கவனித்துப் பதிவுசெய்த ஆய்வு, சீட்டுக் குலுக்கி மாடுகளை இரு பிரிவாக்கிச் செய்த சோதனை அல்ல. அங்குள்ள மேய்ச்சல் பண்ணை வேறு, நம் கொட்டகையில் கட்டிக் கிடக்கும் ஜெர்சி கலப்பினப் பசு வேறு. எதை எடுத்துக்கொள்ளலாம், எதை விட வேண்டும் என்று மருத்துவரோடு உட்கார்ந்து பேச அந்தக் கட்டுரை ஓர் ஆதாரம்.

விலங்குக்கு அடுத்தபடி ஆண்டு. டைக்ளோபினாக்கை மாட்டுக்குச் சிபாரிசு செய்யும் பழைய கையேடுகள் இன்றும் அலமாரிகளில் உண்டு. அந்த ஊசி போட்ட மாட்டின் சடலத்தைத் தின்ற பாறு கழுகுகள் சிறுநீரகம் செயலிழந்து மடிந்தன என்று பாகிஸ்தானில் செய்த ஆய்வு 2004இல் வெளியானது. 2006இல் இந்தியா அந்த மருந்தைக் கால்நடை மருத்துவத்தில் தடைசெய்தது. மாட்டைப் பற்றி மட்டும் தேடியிருந்தால் அது நல்ல வலிநிவாரணி என்றே பதில் வந்திருக்கும். மோயாற்றுப் பள்ளத்தாக்கில் எஞ்சியிருக்கும் பாறு கழுகுகளை நினைத்தால், 'எந்த விலங்கு' என்ற கேள்வி சிகிச்சை மேசையோடு நிற்பதில்லை என்பது தெரியும். பழைய கையேட்டை எடைக்குப் போடச் சொல்லவில்லை. முதல் பக்கத்தில் ஒரு எச்சரிக்கைச் சீட்டு ஒட்டலாமே.

எங்கே தேடுவது என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன், பிற்பகல் அமர்வு முழுவதும் அதற்கே. பப்மெட் இலவசம், ஆனால் கால்நடை இதழ்கள் பல அதில் இல்லை. ஒன்பது தரவுத்தளங்களை ஒப்பிட்ட 2012ஆம் ஆண்டு ஆய்வு ஒன்றில், கால்நடை இதழ்களை மிக அதிகமாக உள்ளடக்கியது கேப் அப்ஸ்ட்ராக்ட்ஸ்தான். வேளாண், கால்நடைப் பல்கலைக்கழகங்களின் ஆய்வேடுகளுக்குக் கிருஷிகோஷ் என்ற இணையக் களஞ்சியம் இருக்கிறது. 1924இல் தொடங்கிய 'இந்தியன் வெட்டர்னரி ஜர்னல்' இதழின் பழைய தொகுதிகளை மறந்துவிட வேண்டாம்.

நூலகவியல் அறிஞர் ரங்கநாதன் பெயரைச் சொல்லாமல் தமிழ்நாட்டில் நூலக மாநாடு நடப்பதில்லை, நானும் சொல்லிவிடுகிறேன். வாசகரின் நேரத்தை வீணாக்கக் கூடாது என்று 1931லேயே விதி எழுதியவர் அவர். சேர்ந்த முதல் வாரத்தில் நூலகத்தைச் சுற்றிக் காட்டும் அந்த ஒரு மணி நேரம் அந்த விதிக்கு நேர் எதிரானது. அப்போது மாணவரிடம் கேள்வியே இருக்காது. கேள்வி பிறப்பது இரண்டாம் ஆண்டில், மருத்துவமனை வார்டில். நூலகர் வாரம் ஒருமுறை அங்கே போகட்டும். நோய்க்குறிப்பேட்டிலிருந்து ஒரு கேள்வியை எடுத்து, மாணவர்களோடு அங்கேயே தேடிக் காட்டட்டும். பணி நேரம், பயணப்படி என்று நிர்வாகம் இழுக்கும் என்பது தெரியும். துறைத் தலைவர்கள் சிலர் இங்கே இருக்கிறீர்கள், அதற்கான வழியை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

கட்டுரை வாசிப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஒவ்வொருவரும் வாசித்து முடித்ததும், மாணவர் ஒருவர் உண்மையாகவே கேட்ட ஒரு கேள்வியையும் அதற்கு நீங்கள் தேடிய வழியையும் ஒரு பக்கத்தில் எழுதிச் செயலாளரிடம் கொடுத்துவிடுங்கள். விடை கிடைக்காத தேடல்களையும் கொடுங்கள். அவற்றைத் தொகுத்தால் அடுத்த கல்வியாண்டுக்கான பயிற்சிப் பாடம் இந்த அரங்கிலேயே தயாராகிவிடும். மாநாட்டைத் தொடங்கி வைத்து, முதல் கட்டுரையாளரை மேடைக்கு அழைக்கிறேன்.