கையொப்பமிடுவதற்கு முன்

 

1983-ம் ஆண்டின் இன அழிப்பு வன்முறைகளுக்குப் பின்னர் ஈழத்திலிருந்து கனடா வந்தடைந்த தமிழ்க் குடும்பங்கள் பல, கல்வி ஒன்றையே தம் பிள்ளைகளின் முதலாகக் கருதின. தொழிற்சாலையிலும் உணவகத்திலும் இரண்டு வேலை செய்த பெற்றோர்கூட, பிள்ளையின் ரியூசன் வகுப்பிற்குப் பணம் ஒதுக்கத் தவறவில்லை. ஆயினும், பாடசாலையின் வாசலைத் தாண்டி உள்ளே செல்வதற்குப் பலர் தயங்கினர். தாயகத்தில் அதிபர் பெற்றோரை அழைத்தால், பெரும்பாலும் அது முறைப்பாட்டுக்காகவே இருந்தது. ஒன்ராறியோ மாகாணத்தின் முறை வேறு. பெற்றோர் வருவர், கேள்வி கேட்பர் என எதிர்பார்த்தே இங்குள்ள பாடசாலை இயங்குகின்றது.

முதலில் தேர்ச்சி அறிக்கையைப் பார்ப்போம். இங்கு 70 முதல் 79 வரையான புள்ளிகள் மூன்றாம் நிலையாகும். அதுவே மாகாணம் எதிர்பார்க்கும் தரம். 72 புள்ளியைக் கண்டு பிள்ளையை ஏசும் தந்தை, அதே அறிக்கையில் பொறுப்புணர்வு, ஒழுங்கமைப்பு, சுயமாக வேலை செய்தல் முதலான ஆறு கற்றல் திறன்கள் மதிப்பிடப்பட்டிருப்பதைக் கவனிப்பதில்லை. ஒழுங்கமைப்பில் 'முன்னேற்றம் தேவை' என ஆசிரியர் குறித்திருந்தால், நாளைய புள்ளி குறையப் போவதற்கான காரணம் அங்கேயே எழுதப்பட்டுள்ளது. "என் பிள்ளை எத்தனையாம் இடம்?" என்ற கேள்விக்கு இங்கு விடை இல்லை. "வீட்டில் எதைக் கவனிக்க வேண்டும்?" என்ற கேள்விக்கு விடை உண்டு.

இரண்டாவது, பாடத் தெரிவு. ஒன்பதாம் வகுப்பில் மாணவரைப் பிரித்த முறை, கணிதத்தில் 2021-ம் ஆண்டிலும் ஏனைய பாடங்களில் 2022-ம் ஆண்டிலும் கைவிடப்பட்டது. ஆனால், பத்தாம் வகுப்பில் அப்பிரிவு இன்னும் உண்டு. அங்கு பிரயோகக் கணிதத்தைத் தெரிவு செய்த மாணவர், பதினோராம் வகுப்பில் பல்கலைக்கழகத்திற்கான சார்புகள் பாடத்திற்கு நேரடியாகச் செல்ல இயலாது. பொறியியல் படிக்க விரும்புபவருக்குப் பன்னிரண்டாம் வகுப்பின் நுண்கணிதம் வேண்டும். அதற்கான வழமையான பாதை அந்தச் சார்புகள் பாடத்தின் வழியாகச் செல்கின்றது. பொதுவாக, 18 வயதிற்குக் குறைந்த மாணவரின் பாடத் தெரிவுக்குப் பெற்றோரின் ஒப்புதல் தேவை. வேலைக்குப் புறப்படும் அவசரத்தில், வாசற்படியில் நின்று, வாசிக்காமலே இடப்படும் கையொப்பம் ஒரு கதவை மூடிவிடக் கூடும். பிரயோகப் பிரிவு இழிவானதன்று. பல நல்ல தொழில்களுக்கு அது வழி. அறிந்து தெரிவு செய்வதே முக்கியம். ஐயம் இருப்பின், கையொப்பமிடுமுன் பாடசாலையின் வழிகாட்டல் ஆசிரியரைச் சந்தியுங்கள்.

மூன்றாவது, மொழி. ஆசிரியர் சந்திப்பில் பிள்ளையே மொழிபெயர்ப்பாளராக அமரும் காட்சி பலருக்குப் பழக்கமானது. "வீட்டுவேலை ஒழுங்காகத் தருவதில்லை" என்று ஆசிரியர் கூற, "நல்லாகப் படிக்கிறேனாம்" என்று தமிழில் வருகின்றது! பழி பிள்ளையுடையது அன்று. சுமக்க இயலாத பொறுப்பு அதன்மீது ஏற்றப்பட்டுள்ளது. முன்கூட்டியே கேட்டால் மொழிபெயர்ப்பாளரை ஒழுங்கு செய்து தரும் கல்விச் சபைகள் உண்டு. கேட்பதில் கூச்சம் வேண்டியதில்லை.

நான்காவது, பாடசாலைப் பேரவை. 2000-ம் ஆண்டு வெளிவந்த மாகாண ஒழுங்குவிதியின்படி, பேரவையில் பெற்றோரே பெரும்பான்மையினர். தலைவரும் பெற்றோர் ஒருவரே. அதிபருக்கு அதில் வாக்குரிமை இல்லை. ஆண்டுக்குக் குறைந்தது நான்கு கூட்டங்கள் நடைபெற வேண்டும். அவை எல்லோருக்கும் திறந்தவை. தமிழ்ப் பிள்ளைகள் நிறைந்த பாடசாலையின் பேரவையில் தமிழ்ப் பெற்றோர் ஒருவரும் இல்லையெனில், அந்த வெற்று நாற்காலிக்கு எவரைக் குறை கூறுவது?

பாடசாலைகளுக்கும் ஒரு வேண்டுகோள். பெற்றோர் வராமையை அக்கறையின்மை எனக் கொள்ள வேண்டாம். மாலைநேர வேலைக்குச் செல்லும் தாய்க்கு, மாலை ஆறு மணிச் சந்திப்பு எட்டாக் கனியே. காலையில் ஒரு நேரம் ஒதுக்குங்கள், தொலைபேசியில் பேசுங்கள். குறை கூறுவதற்கு மட்டுமன்றி, நல்லதொன்றைக் கூறுவதற்கும் அழையுங்கள்.

இளையோரே! பெற்றோருக்கு இந்த முறைமை புதிது. உங்களுக்கு அது பழக்கம். அதை மறைப்பதற்கன்றி, விளக்குவதற்குப் பயன்படுத்துங்கள். அடுத்த தேர்ச்சி அறிக்கை வரும் நாளில், தொலைக்காட்சியை நிறுத்திவிட்டு, குடும்பமாக அமர்ந்து, அதனை முதல் வரியிலிருந்து தமிழில் வாசித்துப் பேசுங்கள். கையொப்பம் அதன் பின்னர் இடப்படட்டும்.