மஞ்சள் காட்டுப் பிள்ளைகளுக்கு



அந்தியூர் வட்டாரத்தில் மஞ்சள் வெட்டி, வேகவைத்து, காயப்போட்டு, மெருகேற்றி விற்ற பணத்தில் படித்து இன்று பட்டம் பெறுபவர்கள் உங்களில் பலர். அதனால் மஞ்சளைப் பற்றியே பேசுகிறேன்.

மஞ்சளுக்கு நிறம் தருவது குர்குமின். அதைக் கட்டி முடிக்கும் நொதிகளை ஜப்பானிய ஆய்வாளர்கள் 2009இல் அடையாளம் கண்டார்கள். அந்த நொதிகளுக்கான மரபணுக்களைத் துணை மரபணுக்களோடு ஈ.கோலை பாக்டீரியாவுக்குள் வைத்து ஃபெருலிக் அமிலத்தைக் கொடுத்தால், செடியே இல்லாமல் குர்குமின் வருகிறது. மஞ்சளின் முழு மரபணுத் தொகுதியைப் போபால் ஐசர் ஆய்வாளர்கள் 2021இல் வெளியிட்டார்கள்.

இத்தகைய மரபணுக்களைத் தேட உதவுவது உயிர்த்தகவலியல். ஸ்ட்ரெப்டோமைசிஸ் சீலிகலர் என்ற மண் பாக்டீரியா குர்குமினைப் போன்ற சிறப்புச் சேர்மங்களில் சிலவற்றை மட்டுமே செய்யும் என்று நினைத்திருந்தார்கள். 2002இல் அதன் மரபணுத் தொகுதியைப் படித்தபோது, அத்தகைய இருபதுக்கும் மேற்பட்ட சேர்மங்களுக்கான மரபணுக் கூட்டங்கள் தெரியவந்தன. பெரும்பாலானவை ஆய்வகத்தில் உறங்கிக் கிடந்தவை. பாக்டீரியாவில் இத்தகைய ஒரு சேர்மத்துக்கான மரபணுக்கள் பெரும்பாலும் அடுத்தடுத்து இருக்கும். 2011இல் வந்த ஆன்டிஸ்மாஷ் என்ற மென்பொருள் அந்தக் கூட்டங்களைக் கண்டுபிடித்துக் காட்டுகிறது. காசு கேட்பதில்லை, அந்தியூரிலிருந்தும் திறக்கலாம். ஆனால் அது சொல்வது ஊகம். நுண்ணுயிரியை வளர்த்து, சேர்மத்தைப் பிரித்துப் பார்த்தால்தான் உண்மை. செடிகளிலோ மரபணுக்கள் பெரும்பாலும் பல இடங்களில் சிதறிக் கிடப்பதால் வேலை இன்னும் கடினம்.

பாக்டீரியா வளரும் தொட்டியில் குர்குமின் விளைந்தால் உங்கள் அப்பாவின் மஞ்சள் என்னாகும்? இந்தக் கேள்வியைத் தள்ளிவிட்டு இந்தத் துறைக்குள் போகாதீர்கள். குழம்புக்கும் சீருக்கும் கிழங்குதான் வேண்டும். அந்தச் சந்தை நிற்கும். குர்குமினைப் பிரித்தெடுத்து விற்கும் சந்தையில் போட்டி வரும் என்றே நினைக்கிறேன். அந்தப் போட்டியில் நம் பிள்ளைகளும் இருக்க வேண்டும்.

மஞ்சளுக்காக ஏற்கெனவே ஒருமுறை போராடியிருக்கிறோம். மஞ்சள் காயத்தை ஆற்றும் என்பதற்கு அமெரிக்காவில் 1995இல் காப்புரிமை கொடுத்தார்கள். நம் அறிவியல் தொழிலக ஆய்வு மன்றம் பழைய நூல்களையும் ஆய்வேடுகளையும் காட்டி அதை மறு ஆய்வு செய்யக் கேட்டது. 1997இல் காப்புரிமை ரத்தானது. எழுதி வைத்திருந்ததால் ஜெயித்தோம். அதேபோல, நம் பக்கத்துப் பர்கூர் மலை மண்ணின் நுண்ணுயிரிகளைப் பற்றி நாமே விரிவாக எழுதிவைக்க வேண்டாமா?

கணினி படித்தவர்களும் நுண்ணுயிரியல் படித்தவர்களும் ஒரே மேசையில் உட்காருங்கள். உரிய அனுமதி வாங்கி இந்த மண்ணை ஆராயுங்கள். கண்டதை நம் ஊர்ப் பெயரோடு பதிவு செய்யுங்கள். அதில் வரும் பலனில் மஞ்சள் போடும் குடும்பங்களுக்கும் பங்கு கேளுங்கள்.