பெண்ணியம்: சொல்லும் பொருளும்

 

‘பெண்ணியம்’ என்னும் சொல்லைக் கேட்டவுடன் அவையில் சிலர் நிமிர்ந்து உட்காருவதையும், சிலர் கடிகாரத்தைப் பார்ப்பதையும் நான் பல மேடைகளிலிருந்து கண்டிருக்கின்றேன். சண்டைக்கு வந்திருக்கிறார்கள் என்ற எண்ணமே அதற்குக் காரணம். ஆகவே முதலில் சொல்லின் பொருளைத் தெளிவாக்கிக்கொள்வோம். பெண்ணும் ஆணைப் போலவே முழு மனித உயிர்; கல்வி, உடைமை, உழைப்பு, சொல் ஆகியவற்றில் அவளுக்கும் நிகரான உரிமை உண்டு; அந்த உரிமை மறுக்கப்படும் இடங்களைக் கண்டறிந்து மாற்ற வேண்டும். இந்தக் கொள்கையும் முயற்சியும் சேர்ந்ததே பெண்ணியம். இதைப் பற்றி நிலவும் சில தவறான எண்ணங்களை நாம் வாழும் ஊரின் வரலாற்றைக் கொண்டே ஆராய விரும்புகின்றேன்.

முதலாவது, ‘பெண்ணியம் ஆணுக்கு எதிரானது’ என்பது. புதுக்கோட்டையில் 1886இல் பிறந்த முத்துலட்சுமி, ஆண்கள் மட்டுமே பயின்ற மன்னர் கல்லூரியில் சேர விரும்பியபோது எதிர்ப்பு எழுந்தது. மன்னரின் இசைவினால் இடம் கிடைத்தது. அவர் சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று 1912இல் மருத்துவரானார். 1914இல் மருத்துவர் சுந்தர ரெட்டியை மணக்கும்போது, தம்மைச் சமமாக மதிக்க வேண்டும், தம் விருப்பங்களுக்குக் குறுக்கே நிற்கக்கூடாது என்று நிபந்தனை விதித்தார். அவரும் அதை ஏற்றுக்கொண்டார். அந்த இல்லறத்திலிருந்துதான் 1927இல் சென்னைச் சட்டமன்ற மேலவையின் துணைத் தலைவரும், அடையாற்றில் நாம் இன்றும் காணும் அவ்வை இல்லமும் புற்றுநோய் மருத்துவமனையும் நமக்குக் கிடைத்தன. அந்த மருத்துவமனையின் வாயிலில் ஆண் பெண் என்று பிரித்து எவரும் திருப்பி அனுப்பப்படுவதில்லை.

இன்னும் அண்மைச் சான்று ஒன்று. தியாகராய நகரின் துணிக்கடைகளில் காலை முதல் இரவு வரை நின்றுகொண்டே பணிபுரியும் பெண்களை நாம் எல்லாரும் பார்த்திருக்கிறோம். கேரளத்தில் கோழிக்கோட்டுத் துணிக்கடைப் பெண்கள், உட்கார்ந்துகொள்ளும் உரிமைக்காகப் போராடினார்கள். அங்கே 2018இல் சட்டம் திருத்தப்பட்டது. தமிழ்நாட்டுச் சட்டமன்றமும் 2021இல் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்திப் பணியாளர்களுக்கு இருக்கை தரப்பட வேண்டும் என விதித்தது. கேட்டவர்கள் பெண்கள், சட்டம் தந்த இருக்கையோ ஆண் பணியாளருக்கும் உரியது. பெண்ணியம் யாருக்கு எதிரானது என்பதை அந்த நாற்காலியே சொல்லிவிடும்.

இரண்டாவது, ‘இது மேலை நாட்டு இறக்குமதி’ என்பது. 1917இல் அடையாற்றில் இந்திய மாதர் சங்கம் தோன்றியபோது அன்னி பெசன்ட், மார்கரெட் கசின்ஸ், டாரதி ஜினராஜதாசா ஆகியோர் முன்னின்றனர் என்பது உண்மை. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் 1929இல் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு, பெண்ணுக்கும் ஆணுக்கும் சமமான சொத்துரிமை வேண்டும் என்று தீர்மானித்ததே, அது எந்தக் கப்பலில் வந்தது? அந்தத் தீர்மானம் தமிழகத்தில் சட்டமாவதற்கு 1989 வரை, அறுபது ஆண்டுகள் ஆயின. அப்போதும் அதற்கு முன்னர் மணமாகிப் போன மகள்களுக்குப் பங்கில்லை. 2005இல் நடுவண் சட்டம் திருத்தப்பட்ட பிறகே அந்த வேறுபாடு நீங்கியது.

இங்கே நம் இலக்கணத்தையும் நினைவூட்ட வேண்டும். பெண்ணுக்கு அச்சம், மடம், நாணம், பயிர்ப்பு என நாற்குணம் என்று மேடைதோறும் சொல்கிறோம். தொல்காப்பியக் களவியல் சொல்வது அச்சம், நாண், மடன் என்னும் மூன்றே. பயிர்ப்பு அங்கே இல்லை. அதுவும் காதற் பாடலின் தலைவிக்குச் சொன்ன மரபு. அதே தொல்காப்பியர் பொருளியலில் பெண்பாலுக்கு உரியவையாக ஆறு பண்புகளைச் சொல்கிறார். அவற்றுள் ‘செப்பு’ ஒன்று, ‘அறிவு’ ஒன்று. செப்பு என்பது தக்கதை எடுத்துச் சொல்லுதல். அச்சத்தை மனப்பாடம் செய்த நாம் அறிவையும் சொல்லையும் எப்படி மறந்தோம்? மறந்தது நூல் அன்று, நாம்.

மூன்றாவது, ‘பெண்ணைத் தெய்வமாக வணங்குகின்றோம், இதற்கு மேல் என்ன சமத்துவம்?’ என்பது. மயிலையில் கற்பகாம்பாள் சந்நிதியில் கைகூப்பி நிற்பவர்களில் நானும் ஒருத்தி. ஆனால் தெய்வம் பசிக்காது, களைக்காது, பங்கு கேட்காது. வீட்டிலிருக்கும் பெண்ணுக்குப் பசிக்கும், களைக்கும், பங்கும் வேண்டும். வணங்குவது எளிது, கேட்டதைக் கொடுப்பது கடினம். பீடத்தில் ஏற்றப்பட்டவள் அங்கிருந்து இறங்கி நடக்க முடியாது என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

நான்காவது, ‘சமம் என்றால் பெண் ஆணைப்போல் ஆகிவிட வேண்டும்’ என்பது. உடலில் வேறுபாடு உண்டு. அதைப் பெண்ணியம் மறுக்கவில்லை. வேறுபாடு தண்டனையாகக் கூடாது என்றுதான் சொல்கிறது. 1961ஆம் ஆண்டின் மகப்பேற்று நலச் சட்டத்தின் கருத்தும் அதுவே. 2017இல் அந்த விடுப்பு இருபத்தாறு வாரமாக உயர்ந்தது. பிள்ளை பெற்றதற்காக ஒருத்தி வேலையை இழக்கக் கூடாது என்பது சலுகை அன்று, நீதி.

ஐந்தாவது, ‘பெண்களுக்குள்ளேயே ஒற்றுமை இல்லையே’ என்பது. முத்துலட்சுமி ரெட்டி தேவதாசி முறையை ஒழிக்க முனைந்தபோது, தேவதாசிப் பெண்களிலேயே ஒரு சாரார் அதை எதிர்த்து மனுக் கொடுத்தனர். தங்கள் கலையும் உடைமையும் பறிபோகும் என அஞ்சினர். அதே குலத்தில் துன்பப்பட்ட மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் அம்முறையை எதிர்த்து ஊர் ஊராகப் பேசினார். 1936இல் நாவலும் எழுதினார். 1947இல் சட்டம் வந்தது. சட்டம் தேவையானதே என்பது என் கருத்து. ஆனாலும் எதிர்த்த பெண்களின் அச்சத்தில் உண்மையே இல்லை என்று என்னால் சொல்ல இயலவில்லை. அக்கலை பின்னர் சபாக்களில் ஏறிப் புகழ் பெற்றபோது, அதைக் காத்து வந்த குடும்பத்துப் பெண்களில் பலர் மேடைக்கு வெளியே நின்றனர். ஆண்கள் கருத்து வேறுபட்டால் அதைக் கொள்கை விவாதம் என்கிறோம். பெண்கள் வேறுபட்டால் மட்டும் ஏன் அதைக் குழாயடிச் சண்டை என்கிறோம்?

இறுதியாக, உரிமையோடு ஒன்று கேட்கின்றேன். இருபதாண்டுக்கும் மேலாகக் கவியரங்கங்களுக்குச் சென்று வருகின்றேன். தமிழ்த்தாய் வாழ்த்துப் பாடவும், குத்துவிளக்கு ஏற்றவும், நன்றியுரை சொல்லவும் பெண்களை அழைப்பார்கள். பெண் கவிஞருக்குத் தலைப்பு ‘தாய்மை’, ‘மழலை’. ஆண் கவிஞருக்கு ‘உலகம்’, ‘புரட்சி’. இதில் யாருக்கும் தீய எண்ணம் இல்லை. பழக்கம் அப்படி. தீய எண்ணத்தை எதிர்த்துவிடலாம். பழக்கத்தை எதிர்ப்பதுதான் கடினம். நானும் பல ஆண்டுகள் அந்தத் தலைப்புகளை வாங்கிக்கொண்டு, வாய் திறவாமல் பாடிவிட்டு வந்தவள்தான். அந்த மௌனத்திற்கு நானும் பொறுப்பு.

ஔவையும் வெள்ளிவீதியாரும் காக்கைபாடினியாரும் தலைப்புக் கேட்டுப் பாடியவர்கள் அல்லர். ஔவை போரையும் பாடினார், மன்னனின் மரணத்தையும் பாடினார். அவர்கள் வழி வந்த நம் வட்டம் பதினோராம் ஆண்டில் அடியெடுத்து வைக்கும்போது, கவியரங்கத் தலைமையை ஒரு பெண் கவிஞருக்குக் கொடுக்கட்டும். தலைப்பை அவரே தேர்ந்தெடுக்கட்டும். அன்றைய நன்றியுரையை நம் செயலாளர் அவர்களே சொல்லட்டும்!