மெல்ல அடிக்கிற கை

(கோவையில் மாணவர்களுக்கான பறைப் பயிற்சி முகாமில் பேசியதன் எழுத்து வடிவம்)



காலையிலிருந்து கை கடுக்க அடித்துவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். நீட்டி முழக்கப் போவதில்லை. அடியைப் பற்றித்தான் பேச்சு. ஆனால் பியானோவிலிருந்து ஆரம்பிக்கிறேன். சிரிக்காதீங்க, காரணம் இருக்கு.

அமெரிக்காவில் ஆர்ட் டேட்டம் என்றொரு கறுப்பினக் கலைஞர். 1909இல் டொலிடோ நகரத்தில் பிறந்தவர். ஒரு கண்ணில் பார்வை கிடையாது, இன்னொன்றில் ஏதோ கொஞ்சம். 1933இல் அவர் வாசித்த 'டீ ஃபார் டூ' பதிவைக் கேட்டால் பத்து விரலா இருபது விரலா என்று சந்தேகம் வரும். அவ்வளவு வேகம், அவ்வளவு சுத்தம். இன்னொருவர் தெலோனியஸ் மாங்க், 1917இல் பிறந்தவர். இவர் நேர் எதிர். விரலை வளைக்காமல் நீட்டி வைத்து வாசிப்பார். ஒரு சுரம் வாசிப்பார், நிறுத்துவார், அடுத்தது எப்போது வருமென்று கேட்கிறவர் தவிக்க வேண்டும். பியானோவில் இரண்டு கட்டைக்கு நடுவே சுரம் கிடையாது. மாங்க் பக்கத்துப் பக்கத்துக் கட்டைகளை ஒருசேர அழுத்தி அந்த இடத்தைத் தேடுவார்.

விமர்சகர்கள் என்ன சொன்னார்கள்? டேட்டத்தைப் பார்த்து, வெறும் வித்தை, அலங்காரம், ஆன்மா இல்லை என்றார்கள் சிலர். மாங்கைப் பார்த்து, இவருக்கு வாசிக்கவே தெரியாது என்றார்கள். விரல் ஓடினாலும் குற்றம், ஓடாவிட்டாலும் குற்றம். ஜாஸ் என்றாலே கறுப்பர்களின் ரத்தத்தில் ஊறியது, பயிற்சி எதுவும் தேவையில்லை என்கிற பேச்சும் கூடவே ஓடியது. மாங்கோ சின்ன வயதிலேயே ஆசிரியரிடம் முறையாகப் பாடம் கேட்டவர்.

இந்த 'ரத்தத்தில் ஊறியது' என்ற பேச்சை நாம் கேட்டதில்லையா? பறையைப் பற்றி மேடையில் பாராட்டிப் பேசுகிற சாதி இந்து அறிஞர் முதலில் அதைத்தான் சொல்வார். "ஆகா, என்ன உணர்ச்சி, இவங்களுக்குப் பிறவியிலேயே வருது!" பாராட்டு மாதிரிதான் இருக்கும். ஆனால் பிறப்பால் தகுதி பேசுவது எந்தத் தத்துவம்? சபாவில் மிருதங்கத் தனி ஆவர்த்தனம் நடந்தால் அது 'கணக்கு'. நம்மாள் அடித்தால் 'கொட்டு'. அங்கே அறிவு, இங்கே உணர்ச்சி. அந்த மிருதங்கத்துக்குத் தோலைத் தேர்ந்தெடுத்து, இழுத்துக் கட்டி, நாதம் வரவைத்த தலித் கிறித்தவக் குடும்பங்களைப் பற்றி டி.எம். கிருஷ்ணா 2020இல் 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' என்று புத்தகம் எழுதினார். வெளியீட்டு விழாவுக்குக் கொடுத்த அனுமதியைக் கலாக்ஷேத்ரா திரும்பப் பெற்றுக்கொண்டது. விழா வேறிடத்தில் நடந்தது. 2025இல் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. சந்தோஷம். ரத்தப் பேச்சு மட்டும் நின்றபாடில்லை.

தப்பட்டையில் என்ன கணக்கு இருக்கிறதென்று கேட்கிறவனுக்குச் சொல்லுங்கள். அடிக்குச்சி குட்டை, கனம். சுண்டுக்குச்சி நீளம், மெலிசு. இரண்டும் இரண்டு வேலை செய்யும். தோல் ஈரம் குடித்திருந்தால் சத்தம் அமுங்கிப் போகும். வைக்கோல் தீயில் எவ்வளவு தூரத்தில், எவ்வளவு நேரம் காட்டணும் என்பது விரலால் சுண்டிப் பார்த்துப் பழகியவனுக்குத்தான் தெரியும். கொஞ்சம் அதிகமானால் தோல் கிழிந்துவிடும். இது ரத்தத்திலா இருக்கிறது? பல வருசம் கையில் சூடு பட்டுக் கற்றது.

இப்போது நம் பக்கத்துக்கு வருகிறேன். அவர்கள் 'வெறும் உணர்ச்சி' என்று சொன்னதற்குப் பதிலடியாக நம் பிள்ளைகள் வேகத்தைப் பிடித்துக்கொண்டார்கள். கல்லூரிக் கலைவிழாவுக்குப் போனால் எல்லாக் குழுவும் ஒரே மாதிரி: எடுத்ததும் உச்ச வேகம், எகிறிக் குதிக்கிறது, முடிக்கிறது. போட்டி நடுவர்களும் அதற்குத்தான் மார்க் போடுகிறார்கள். கூட்டம் கை தட்டும், மறுக்கவில்லை. ஆனால் அந்த அளவுகோல் யாருடையது?

எங்க பெரியப்பா பொள்ளாச்சிப் பக்கம் பெரிய அடிகாரர். சாமி ஊர்வலத்துக்கு அவர் அடித்தால் கிழவிகள்கூட ஆடும். ஒருநாள் நான் வேகமாக அடித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு, "கண்ணு, வெரசலா அடிச்சா தப்புல தப்புத் தெரியாது. மெல்ல அடிச்சுக் காட்டு, பாக்கலாம்" என்றார். பாடை போகிற நடைக்கு அடிப்பதுதான் இருப்பதிலேயே கஷ்டம் என்பார். இரண்டு அடிக்கு நடுவிலே அத்தனை இடைவெளி. அதைக் கை பதறாமல் காக்கணும். எதைச் சொல்லவும் முடிகிற கை வேண்டும், சொல்லாமல் நிறுத்தவும் தெரிந்த கை வேண்டும் என்பதுதான் அவர் பாடம். மாங்க் இதைக் கேட்டிருந்தால் ஒத்துக்கொண்டிருப்பார் என்று நினைக்கிறேன்.

ஆனா தோழர்களே, இங்கே ஒரு முள் இருக்கு. பெரியப்பா அந்த மெல்லடியைக் கற்றது தோட்டத்துக்காரர்களின் எழவு வீட்டில். கூப்பிட்டால் போகணும், போகாவிட்டால் மறுநாள் வேலை கிடையாது. உள்ளே நுழைய விடாதவனின் சாவுக்கு வாசலில் நின்று துக்கத்தை வாசிக்கணும். உணர்ச்சியும் குடிமை வேலைதான். ஆகவே 'பழைய அடியில்தான் ஆன்மா இருந்தது' என்று உருகுகிறவர்களை நான் நம்புவதில்லை. பறையடிக்க மாட்டோம் என்று குச்சியைக் கீழே போட்டவர்கள் கலையின் எதிரிகள் அல்ல. தென்னார்க்காட்டில் இளையபெருமாள் காலத்திலேயே எழுந்த குரல் அது. அவர்கள் மறுத்தது அடிமை வேலையை. அந்த மறுப்பு இல்லாமல் இன்றைக்கு நாம் விரும்பி எடுத்து அடிக்கிற பறையும் இல்லை.

நம் கேள்வி இதுதான்: கட்டாயம் போன பிறகு அந்த மெல்லடி யாருக்காக? நம்ம வீட்டுச் சாவுக்கு, நம்ம தோழர்களின் நினைவு நாளுக்கு, போராட்டத்தில் நீண்ட நடைக்கு அதை அடிக்கலாம். அதற்கு அந்தக் கைத்திறன் வேண்டும். அது இப்போது வயசாளிகளிடம்தான் இருக்கிறது. அவர்கள் போனால் அதுவும் போகும். வேகத்தை வீடியோ பார்த்துக்கூடப் பிடித்துவிடலாம்.

1951இல் மாங்கின் உரிம அட்டையைப் பறித்தார்கள். அது இல்லாமல் நியூயார்க்கில் மது விற்கிற விடுதிகளில் வாசிக்க முடியாது. ஆறு வருசம். 1957இல் திரும்பக் கிடைத்ததும் 'ஃபைவ் ஸ்பாட்' விடுதியில் ஜான் கோல்ட்ரேனோடு வாசித்தார். பழைய மாங்காகவே வாசித்தார், அதே நிறுத்தம், அதே இடைவெளி. ஊர்தான் அவரிடம் வந்தது.

ஃபைபர் தோல் வேண்டுமா வேண்டாமா என்று காலையில் சண்டை போட்டீர்கள். மழையில் ஊர்வலம் போக ஃபைபர் வசதிதான், அதற்கு நான் எதிரியில்லை. ஆனால் தீயில் காய்ச்சத் தெரிந்துகொண்டு பிறகு ஃபைபருக்குப் போங்கள். சாப்பாட்டுக்கு அப்புறம் ஆனைமலைப் பக்கமிருந்து வந்திருக்கிற அய்யா இரண்டு பேர் உட்காருவார்கள். அரைமணி நேரம் ஒற்றையடி மட்டும், மெதுவாக. குதிக்கிறதெல்லாம் சாயங்காலம். வைக்கோல் பின்பக்கம் கிடக்கு, யாராவது இரண்டு பேர் எடுத்துட்டு வாங்க.