ஓடும் வண்டியும் நிறுத்தும் நீர்மமும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

  

இலக்கியமும் இசையும் முழங்கும் இம்மேடையில் பழைய பிக்கப் வண்டியைப் பற்றிப் பேசப் புகுவது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். ஆயினும், மும்பை மாநகரின் புறத்தே அமைந்த நம் குடியிருப்பில் அத்தகைய வண்டியை நம்பிப் பிழைக்கும் குடும்பங்கள் பல. நமக்குக் காய்கறியும் தண்ணீர்க் கேன்களும் திருமணப் பாத்திரங்களும் அதில்தான் வருகின்றன. அதை ஓட்டுவோர் நம் மக்கள். அது செல்லும் தெருவில் விளையாடுவோர் நம் குழந்தைகள்.

பழைய வண்டியை வாங்கும்போது, எவ்வளவு சுமை இழுக்கும், லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடும் என்றெல்லாம் கேட்கிறோம். நிறுத்த வேண்டிய இடத்தில் நிற்குமா என்று கேட்பவர் மிகச் சிலரே.

அடைபட்ட நீர்மத்தின் ஓரிடத்தில் கொடுக்கும் அழுத்தம் குறையாமல் எங்கும் பரவும் என்னும் உண்மையை 17-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு அறிஞர் பாஸ்கல் விளக்கினார். நம் பிரேக் இயங்குவது அவ்வுண்மையின் மீதே. பெடலை மிதித்ததும் மாஸ்டர் சிலிண்டரில் பிறக்கும் அழுத்தம், மெல்லிய குழாய்களின் வழியே நான்கு சக்கரங்களையும் சென்றடைகிறது. நீர்மம் எளிதில் சுருங்காது, ஆவியோ சுருங்கிவிடும். நம் உயிர் இவ்வேறுபாட்டில்தான் தங்கியுள்ளது.

பேச்சு வழக்கில் இந்நீர்மத்தைப் பிரேக் ஆயில் என்கிறோம். ஆனால், அது எண்ணெய் அன்று. பெரும்பாலான வண்டிகளில் இருப்பது கிளைக்கால் வகை நீர்மம். பெயரை நம்பி எஞ்சின் ஆயிலை ஊற்றினால், சிலிண்டருக்குள் இருக்கும் ரப்பர் வாஷர்கள் ஊதிக் கெட்டுவிடும்.

இந்நீர்மத்திற்கு ஓர் இயல்பு உண்டு. காற்றிலுள்ள ஈரத்தை அது குடிக்கும். மழைக்காலத்தில் திறந்து வைத்த உப்பு நீர்விடுவதைத் தாய்மார்கள் அறிவார்கள். அதுபோன்றே, மூடியின் வழியாகவும் ரப்பர்க் குழாய்களின் வழியாகவும் ஈரம் சிறுகச் சிறுகப் பிரேக்கினுள் புகுகிறது. டாட் 3 வகை, புதிதாய் இருக்கையில் குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் கொதிநிலை உடையதாக இருக்க வேண்டும் என்பது தர விதி. நூற்றுக்கு ஏறத்தாழ 3.7 பங்கு நீர் கலந்த நிலையில் அவ்விதி கேட்பது 140 டிகிரி மட்டுமே. டாட் 4 வகைக்கு அவ்வெல்லைகள் 230, 155. அன்றியும், உட்புகுந்த ஈரம் சிலிண்டர்களைத் துருப்பிடிக்கச் செய்யும்.

கண்டாலாவிலிருந்து கோபோலிக்கு இறங்கும் மலைப்பாதையை எண்ணிப் பாருங்கள். முழுச் சுமையுடன், பெடலிலிருந்து காலை எடுக்காமல் இறங்கும் வண்டியில் சக்கரத்தின் சூடு நீர்மத்தை எட்டுகிறது. ஈரம் குடித்த நீர்மம் கொதித்து ஆவியாகிறது. அப்போது மிதித்தால் ஆவிதான் சுருங்கும், பெடல் தரையைத் தொடும், வண்டி நில்லாது. தெருவில் நாள்தோறும் குறையின்றி நின்ற வண்டியே இறக்கத்தில் கைவிடுவது இதனால்தான். ஆகவே, இறக்கத்தில் தாழ்ந்த கியரில் செல்க. நீர்மத்தைக் காலம் தவறாமல் மாற்றுக.

மாற்றுவதற்கு இருவர் வேண்டும். வண்டியைச் சமதரையில் நிறுத்திச் சக்கரங்களுக்குக் கட்டை கொடுக்க வேண்டும். டப்பாவின் மூடியைத் துடைத்த பின்னரே திறக்க வேண்டும். பழையதை உறிஞ்சி எடுத்து, மூடியில் குறித்துள்ள வகையையே, புதிதாகத் திறந்த புட்டியிலிருந்து ஊற்ற வேண்டும். வண்டியின் கையேடு வேறு முறை சொல்லாவிடில், மாஸ்டர் சிலிண்டருக்குத் தொலைவிலுள்ள சக்கரத்திலிருந்து தொடங்கலாம். ஒருவர் பெடலை மிதிக்க, மற்றவர் நிப்பிளைத் திறந்து, கால் எடுக்கப்படும் முன்னரே மூட வேண்டும். தெளிந்த நீர்மம் குமிழியின்றி வரும்வரை இது தொடரட்டும். இடையில் டப்பா வறண்டால் காற்று புகுந்துவிடும். பழைய வண்டியில் பெடலை அடிவரை மிதிக்கலாகாது. துருப்பிடித்த பகுதியில் உரசி வாஷர் கிழியக்கூடும். பெடலின் கீழே ஒரு சிறு மரத்துண்டை வைத்தல் நலம். ஏ.பி.எஸ். அமைந்த வண்டியாயின் பட்டறையை நாடுவதே தக்கது.

இந்நீர்மம் வண்டியின் வண்ணப்பூச்சை அரிக்கும்; சிந்தினால் உடனே நீரால் கழுவுக. இது நஞ்சு, பழையதைச் சாக்கடையில் கொட்டாமல், குழந்தைகளுக்கு எட்டாதவாறு மூடி வைத்துப் பட்டறையில் ஒப்படைப்பதே முறை.

இன்னொன்றையும் நினைவிற் கொள்ளுங்கள். டப்பாவில் அளவு குறைந்தால், பிரேக் பேடு தேய்ந்திருக்கும். அல்லது எங்கோ கசிவு இருக்கும். காரணத்தை ஆராயாமல் மேலும் ஊற்றி நிரப்புவது, வண்டி தந்த எச்சரிக்கையை நாமே மறைப்பதாகும்.

எப்போது மாற்றுவது என்று கேட்பீர்கள். கையேடு வேறு கூறாவிடில், ஈராண்டுக்கு ஒருமுறை மாற்றுதல் பொதுவான முறை. வண்டி ஓடாமல் நின்றாலும் ஈரம் புகும். ஆதலின் ஓடிய தொலைவை மட்டும் கணக்கிட்டால் போதாது. மும்பையின் மழை ஓயும் காலத்தையொட்டி வருவது ஆயுத பூசை. வண்டியைக் கழுவிச் சந்தனம் இட்டு, சக்கரத்தின் கீழ் எலுமிச்சம்பழம் வைக்கும் அந்நாளையொட்டி ஆண்டுதோறும் பிரேக்கைச் சோதிப்போம். ஈராண்டுக்கு ஒருமுறை நீர்மத்தை மாற்றுவோம். மாற்றிய நாளை ஒரு தாளில் எழுதி மூடியருகே ஒட்டி வைப்போம். சில நூறு ரூபாயும் ஒரு பிற்பகலும் போதும். மாலையில் வண்டி வீடு திரும்பும் என்று காத்திருப்போருக்கு நாம் செய்யும் கடமை அது.